இரண்டு பேருக்கு ஒரு சொல்

வெள்ளவத்தை
20.04.1997

ஈஸ்வரிக்கு,

ஒன்றரை மைல் தூரத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் இந்தக் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டெலிபோன் எடுத்தால் உன் சிநேகிதி பேர்ணடெற் எடுக்கிறா. "அவ குளிக்கிறா" என்கிறா. காலையிலும் குளிக்கிறாய், மத்தியானமும் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாய். ஹெவ்லொக் டவுனில் குழாயில் அவ்வளவு தண்ணீர் வருகிறதென்று எனக்கு இதுவரை தெரியாது. கடை ஆட்களிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் காலி வீதி முழுக்கக் கதை போய்விடும். ஆகவே தபாற்பெட்டி.

வருஷப் பிறப்பன்று நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து.

நல்ல நேரத்துக்குக் கடையைத் திறந்தோம். வழமைபோல நீ காசுமேசையில் இருந்தாய். வெற்றிலையில் நாணயம் வைத்து முதல் கைவிசேஷம் எனக்கு, பிறகு கடை ஆட்களுக்கு, பிறகு வாடிக்கைக்காரர்களுக்கு. உன் கையால் வாங்கினால் அந்த வருஷம் ஓடும் என்று பக்கத்துப் பொத்தான் கடை இஸ்ஸதீன் நானாகூட வந்து வரிசையில் நின்றார். நீ வெற்றிலையை எடுத்தாய். இடது கையால் நீட்டினாய். தவறுதலாக இல்லை. வலது கை சும்மா மடியில் கிடந்ததை நான் பார்த்தேன். "ஈஸ்வரி, கை" என்று மெல்லச் சொன்னேன். நீ மாற்றவில்லை. "இதுதான் என்ட கை" என்று சிரித்தாய்.

நான் தட்டிவிட்டேன். வெற்றிலை ஒருபக்கம், நாணயம் ஒருபக்கம். "வருஷம் பொறக்கிற அன்னைக்கி பீச்சாங்கையால நீட்டுற, இது எவன் சொல்லிக் குடுத்த கை?" என்று கேட்டேன். கடை நிறைய ஆள் இருக்கக் கேட்டிருக்கக் கூடாது. மற்றபடி அந்தக் கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

ஏனென்றால் நீ அதற்குப் பதில் சொன்னாய். "ஹெக்டர் மாஸ்டர் ஒரு மாசத்தில கண்டுபிடிச்சவர். நீங்கள் இவ்வளவு வருஷமாக் காணேல்லை" என்றாய். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

ஹெக்டர் மாஸ்டர். சனிக்கிழமைகளில் இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிற அந்தப் பறங்கி. நெடிய ஆள், நெற்றியில் மயிர் விழும், பெண்சாதி செத்து நாளாகிவிட்டது. எல்லாம் விசாரித்துவிட்டேன். வகுப்புக்குப் போ என்று உன்னை அனுப்பியதே நான்தான். சிங்கப்பூர் ஆட்களுடன் இங்கிலிஷில் கடிதப் போக்குவரத்து வைத்தால் சரக்கு நேரே எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக் கடையைக் கூட்டிப் பெருக்கித் தொழில் தொடங்கியவன் நான். வாசலில் ஏறுகிற பெண்ணின் செருப்பைப் பார்த்தே அவளுக்கு எந்தத் தட்டைக் காட்டலாம் என்று சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டுக்குள் இருக்கிற ஆளின் கை தெரியவில்லை. அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது? பதில் எழுது.

அழகர்


ஹெவ்லொக் டவுன்
24.04.1997

திரு. அழகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளித்துவிட்டு வந்து வாசித்தேன்.

கேள்வி கேட்டிருக்கிறீர்கள், பதில் எழுதுகிறேன். நான் பிறந்ததிலிருந்தே இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா என் இடது கையைச் சட்டைக்குள்ளே விட்டு, வெறும் சட்டைக்கையை மடித்து ஊசி குத்திவிடுவா. பள்ளிக்கூடம் போவதும் வருவதும் அப்படித்தான். ஒரு வருஷத்தில் வலது கையால் எழுதப் பழகிவிட்டேன். எழுத்து என்னவோ கோழி கிளறினது போலத்தான் இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்க வந்த அன்று அம்மா குசினிக்குள் வைத்துச் சொன்னா: "கடைக்காரர். கைராசி பாக்கிற ஆக்கள். வாயைத் திறந்திடாதை." நானும் திறக்கவில்லை.

நீங்கள் கீழே கடையில் நிற்கிற நேரமெல்லாம் நான் மேலே இடது கையால்தான் வெங்காயம் வெட்டுவேன், மீன் அரிவேன். படியில் உங்கள் காலடி கேட்டதும் கத்தியைக் கை மாற்றிவிடுவேன். இப்படி என் சொந்தக் குசினிக்குள் நான் ஒளித்து வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் காணவில்லை என்று குறை சொல்வது முழுக்கச் சரியில்லைதான். ஒளித்தவள் நான். ஆனால் விரலில் இருந்த வெட்டுக் காயங்கள் எல்லாம் எப்போதும் வலது கையில் இருந்தன. ஒருநாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். வெட்டுகிற கையில் ஆருக்காவது காயம் வருமா?

மாஸ்டருக்குத் தெரிந்தது இப்படித்தான். காற்றுக்கு ஜன்னல் அடித்து, அவருடைய மேசையிலிருந்து மைப்போத்தல் உருண்டது. நான் முன் வரிசை வாங்கில் இருந்தேன், எட்டிப் பிடித்துவிட்டேன். எந்தக் கையால் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மிஸிஸ் அழகர், நீங்க எழுதுற கை அது இல்லையே" என்றார். அவரும் இடது கையால் எழுதுகிறவர். வெண்கட்டியை நீட்டி, கரும்பலகையில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். எழுத்து வட்டமாக வந்தது. எனக்கு அப்படி ஓர் எழுத்து இருப்பது அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லைப் பலகையில் எழுதினார். சினிஸ்டர். கெடுதி வரப்போகிறது என்று மனதுக்குப் படுகிற எதற்கும் இங்கிலிஷில் அப்படிச் சொல்வார்களாம். ஆளில்லாத வீட்டில் எரிகிற விளக்கு, காரணமில்லாமல் சிரிக்கிறவனின் சிரிப்பு, ஒழுங்கைக்குள் வந்து நிற்கிற நம்பர் பிளேட் இல்லாத வான். ஆனால் அந்தச் சொல் லத்தீனில் பிறந்தபோது அதற்கு ஒரு கெடுதியும் இல்லை. வெறும் "இடது" என்றுதான் அர்த்தம். ரோமாபுரியில் சகுனம் பார்க்கிறவர்கள் ஆதியில் தெற்கு நோக்கி நின்று பறவை பார்ப்பார்களாம். அப்போது சூரியன் உதிக்கிற கிழக்கு அவர்களுக்கு இடப்பக்கம். அதனால் இடப்பக்கம் பறக்கிற பறவை நல்ல பறவை. கிரேக்கர்கள் வடக்கு நோக்கி நிற்கிறவர்கள். அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம், ஆகவே இடது கூடாது. பிறகு ரோமாபுரிக்காரரும் கிரேக்கரைப் பார்த்து மாறிக்கொண்டார்கள். அதோடு நல்லதாக இருந்த இடது கெட்டதாகிவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் சினிஸ்டர் ஆக்கள்" என்று மாஸ்டர் சொல்லிச் சிரித்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வருஷப் பிறப்பன்று உங்களுக்கு என் உண்மையான கையால் கொடுக்க ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
02.05.1997

ஈஸ்வரிக்கு,

உன் கடிதத்தை இஸ்ஸதீன் நானாவிடம் சொன்னேன். வாசிக்கக் கொடுக்கவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். ரோமாபுரி, கிரேக்கம், பறவை எல்லாவற்றையும் பொத்தான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "அழகர், கெழக்கு மேக்கு எனக்குத் தெரியா. எங்கட ஊட்டுலயும் வலக்கையாலதான் திங்கிற. ஆனா அண்டைக்கு அந்தப் புள்ளட கையைத் தட்டுனீங்களே, அது எந்தக் கையாலயாம்?"

இந்த மனுசனைப் பக்கத்துக் கடையில் வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் தொழில் செய்திருக்கிறேன்.

சகுன விஷயத்தில் நீ எழுதியது எனக்குப் புரிகிறது. காலி வீதியில் எங்கள் கடை இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் நாம் பதில் சொல்வதில்லை. தெகிவளையிலிருந்து வந்தால் வலது, பம்பலப்பிட்டியிலிருந்து வந்தால் இடது. அதனால்தான் "தரைப்பக்கம்" என்று சொல்லிவிடுகிறோம், எதிர்க் கடைகளைக் "கடல்பக்கம்" என்கிறோம். ஆள் திரும்பி நின்றால் மாறுகிற ஒன்றுக்குப் பயப்படுகிற மடையன் நான் இல்லை. ஆனாலும் நீ போன பிறகு நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். வத்தளையிலிருந்து வந்த லொறியைச் சோதனைச் சாவடியில் மறித்து, மழைக்குள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்ததில் வொயில் சேலைகள் நனைந்துவிட்டன. முன்பக்கத்துக் கண்ணாடி அலுமாரி தானாக வெடித்தது. வெள்ளையம்மா சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். இதை நீ படித்த அந்தச் சொல்லால் அழைக்கலாமா என்று உன் மாஸ்டரிடம் கேட்டுச் சொல்.

இனி நான் எழுத வந்தது. உன் கடிதத்தில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "நாங்க ரெண்டு பேரும்." அந்த ஆளும் நீயும் ஒரு சொல்லுக்குள் போய் இருந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள். எனக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. நான் வலது கைக்காரன். உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.

உன் ஆட்களில் பாதிப் பேர் நம் கலியாணத்துக்கு வரவில்லை. தேயிலை பறிக்கிற தோட்டக்காட்டான் மகன் என்று உன் பெரியப்பா என் காது கேட்கவே சொன்னார். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. நீ என் பக்கம் நின்றாய், அது போதுமாயிருந்தது. இப்போது "ரெண்டு பேரும்" என்று எவனோ ஒருவன் சொல்லுகிறான், அந்த இரண்டில் ஒன்று நீ, மற்றது நான் இல்லை. இது உறைக்கிறது.

பேர்ணடெற் கடைக்கு வந்தா. நம் வீட்டுப் பொலிஸ் பதிவில் இருக்கிற உன் பெயரை எடுத்துவிடச் சம்மதம் என்று நான் கடிதம் தந்தால்தான் அங்கே ஹெவ்லொக் டவுனில் பதியலாமாம், ஒரு ஆளின் பெயர் இரண்டு வீட்டில் இருக்கக் கூடாதாம். தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். இந்த வீட்டில் இருப்பவர்கள் என்று இரண்டு பெயர் இருக்கிறது, அதில் ஒன்றை என் கையால் வெட்டமாட்டேன். நீ வந்து வெட்டு.

சனிக்கிழமை உன் வகுப்புக்கு எதிரே சைவக் கடையில் தேநீர் குடித்தேன். தற்செயலாக இல்லை.

அழகர்


ஹெவ்லொக் டவுன்
06.05.1997

திரு. அழகர் அவர்களுக்கு,

தேநீரை நாங்களும் பார்த்தோம். ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அந்த முதலாளி உங்கள் மேசையைத் துடைக்கிற சாட்டில் உங்களையே துடைத்துவிடுவார் போல நின்றார். பேர்ணடெற் படியில் நின்று, "உன்ட மனுசனுக்கு இண்டைக்கு நித்திரை வராது" என்றாள்.

லொறியில் போன வருஷமும் சேலை நனைந்தது. போன வருஷம் நான் வலது கையால்தான் கைவியளம், உங்கள் கைவிசேஷம், தந்தேன். கண்ணாடி அலுமாரி தை மாதமே கீறிக் கிடந்தது, மாற்றச் சொன்னேன், "ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றீர்கள். வெள்ளையம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இருக்க ஒரு ஸ்டூல் கேட்டாள், வாடிக்கைக்காரர் நிற்கையில் வேலைக்காரி இருக்கக் கூடாது என்றீர்கள். எதிர்க் கடையில் ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றையாவது என் கை செய்ததா?

மாஸ்டரைப் பற்றி நீங்கள் நேரே கேட்கவில்லை, நான் நேரே சொல்கிறேன். அவரை எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பொய்யாகப் போய்விடும். அவர் ஒழுங்காகப் படிப்பிக்கிறார், ஆரையும் பழிக்கிறதில்லை, வகுப்பு முடிந்தால் தன்பாட்டில் கோல்பேஸ் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார். என் கையை ஒருதரம் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் குளிருக்கு இருமுவேன் என்றோ, பலாப்பழ வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றோ அவருக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்த ஆள் கைவியளத்தைத் தட்டிவிட்டார்.

பதிவு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். இந்தத் தெருவில் சுற்றிவளைத்துச் சோதனை போட்டால் நான் கட்டிலுக்குக் கீழேயா போய்ப் படுக்கிறது? கடிதத்தைத் தாருங்கள்.

ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
19.05.1997

ஈஸ்வரிக்கு,

சனிக்கிழமை பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நீ ஒரு வார்த்தை பேசாமல் முச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டாய். ஆகவே மறுபடியும் முத்திரை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், இஸ்ஸதீன் நானா உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை விடியச் சுற்றிவளைப்பு. கடைக்காரர் எல்லோரையும் தெருவில் வரிசையாக நிறுத்தினார்கள். பதிவைப் பார்த்தவன் என்னிடம் "நோனா கோ?" என்று கேட்டான், பெண்சாதி எங்கே என்று. எனக்கு வலப்பக்கம் நகைக் கடைக்காரர், இடப்பக்கம் வெள்ளையம்மாவைக் கொண்டுபோன எதிர்க் கடைக்காரர். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்ல என் வாய் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். எந்த ஊர் என்றான். உன் ஊரைத்தானே சொல்லவேண்டும்? யாழ்ப்பாணம் என்று சொல்லிவிட்டேன். எந்த அனுமதிப் பாஸில் போனாள், எப்போது போனாள், யாரிடம் போனாள்? சுங்கத்தில் நின்று வாதாடி இரண்டு பெட்டி சரக்கை ஒன்றாக்குகிறவன், ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் ஜீப்பில் ஏறினேன்.

உள்ளே ஒருவரும் அடிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு மனைவியைக் களவாக அனுப்பியவன் என்று தாளில் எழுதிவிட்டார்கள். அந்தத் தாள் மேலே போனால் நானும் அதன் பின்னால் போகவேண்டியதுதான்.

சனிக்கிழமை நீ வந்தாய். உனக்குப் பின்னால் அந்த ஆள் வந்தான். அந்த நேரம் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

சார்ஜன்ட் தாளைத் தந்து நடந்ததை எழுதச் சொன்னான். நீ பேனையை இடது கையில் எடுத்தாய். கம்பிக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, நிறுத்தாமல் எழுதினாய். நீ அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. நம் கடையில் பில் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் அரிசியில் கல் பொறுக்குவது போலத்தானே எழுதுவாய். அன்று தண்ணீர் ஓடுவது போல ஓடியது. சார்ஜன்ட் கூட எட்டிப் பார்த்து, "வம் அதின்த லியன்னே?" என்றான், இடது கையாலா எழுதுகிறாய் என்று. அந்த ஆள் சொன்னான், "மமத் எஹெமய்", நானும் அப்படித்தான் என்று. "மகே துவத் எஹெமய்" என்றான் சார்ஜன்ட். அவனுடைய மகளும் அப்படித்தானாம். ஆக அந்த ஸ்டேஷனில் வலது கைக்காரக் குற்றவாளி நான் ஒருவன்தான்.

என் கண் அந்த ஆளின் முகத்தில்தான் இருந்தது. நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் முகத்தில் புதினம் ஒன்றும் இல்லை. அவன் அதைப் பல தடவை பார்த்திருக்கிறான். எனக்கு அது முதல் தடவை. ஈஸ்வரி, நான் உள்ளே இருந்ததைவிட அது பெரிய தண்டனை.

அதோடு முடிந்ததா? நீ இங்கிலிஷில் எழுதியிருந்தாய். சார்ஜன்டுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. அந்த ஆளையே சிங்களத்தில் சொல்லச் சொன்னான். அவனும் குரலை உயர்த்தாமல், வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னான்: இவர் பொய் சொன்னது வெட்கத்தினால், மனைவி யாழ்ப்பாணத்தில் இல்லை, ஹெவ்லொக் டவுனில் சிநேகிதி வீட்டில் இருக்கிறா, புருஷனுக்கு வேறொரு ஆள்மேல் பொறாமை, அதனால் வந்த சண்டை. சார்ஜன்ட் கேட்டான், "யார் அந்த ஆள்?" அவன், "நான்தான், மஹத்தயா" என்றான்.

ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது. கம்பிக்குள் இருந்த பாக்கெட் கள்ளன்கூடச் சிரித்தான். சார்ஜன்ட் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பழைய தாளைக் கிழித்துவிட்டான். பொறாமை பிடித்த புருஷன் என்றால் பொலிஸும் நம்புகிறது. கடை நிறைய ஆள் இருக்க நான் உன்னைக் கேட்டேன், ஸ்டேஷன் நிறைய ஆள் இருக்க நீ பதில் எழுதிவிட்டாய். சரி.

வெளியே வந்து அவனுக்கு நன்றி சொன்னேன். தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் நல்லவனாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவன் என்றால் வெறுத்துவிட்டுக் கடையைப் பார்ப்பேன்.

எப்போது வருகிறாய்?

அழகர்


ஹெவ்லொக் டவுன்
22.05.1997

உங்களுக்கு,

இரண்டு நாள் தாடியோடு உங்களைக் கம்பிக்குப் பின்னால் கண்டேன். கோபத்தில் பேசாமல் போனேன் என்று நினைக்காதீர்கள். வாயைத் திறந்திருந்தால் தெருவில் வைத்து அழுதிருப்பேன். அழுதுகொண்டே உங்களோடு வீட்டுக்கு வந்திருப்பேன். அப்படி வர எனக்கு விருப்பமில்லை.

மாஸ்டரை நான்தான் கூப்பிட்டேன். எனக்குச் சிங்களம் கடைச் சிங்களம், விலை சொல்ல மட்டும்தான் உதவும். இஸ்ஸதீன் நானா தமிழனுக்காக ஸ்டேஷனுக்குள் வந்தால் அவருக்கும் கரைச்சல். வேறு ஆரைக் கூப்பிட? நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். நீங்கள் சங்கடப்பட்டாலும் வெளியே இருக்கவேண்டும்.

எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள். மன்னிப்புக் கேட்டு எழுதுவீர்களோ என்று பார்த்தேன். எழுதவில்லை, நல்லது. வியாபாரிகள் மன்னிப்பை விலைக்கழிவு மாதிரிக் கொடுத்துச் சாமானை விற்றுவிடுவார்கள். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. நான் வந்தபிறகு, படியில் உங்கள் காலடி கேட்கிறபோது கத்தியைக் கை மாற்றவேண்டுமா, வேண்டாமா?

அவசரப்பட்டு எழுதாதீர்கள். மாற்றவேண்டாம் என்று எழுதுவது சுகம். காசுமேசையிலும் நான் அந்தக் கையால்தான் மிச்சக் காசு கொடுப்பேன். சில பேர் முகம் சுளிப்பார்கள், சில பேர் கடல்பக்கம் கடைகளுக்குப் போவார்கள். பின்னேரம் கணக்குப் பார்க்கிறபோது நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள், ஆனால் என் கையைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்கு நான் வரமாட்டேன்.

வகுப்பையும் விடமாட்டேன். சினிஸ்டர் என்று சொல்லிச் சிரித்ததையும் உங்களுக்காகத் திருப்பி எடுக்கமாட்டேன். கெட்டதைக் குறிக்கிற சொல் என்றாலும் ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டு தந்தார். அதற்கு முன்பு இந்தக் கைக்கு இருந்த பெயர் நீங்கள் அன்று கடையில் சொன்னதுதான்.

ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
26.05.1997

ஈஸ்வரிக்கு,

அவசரப்படவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

மாற்றவேண்டாம்.

காசுமேசை விஷயத்தைப் பரீட்சித்துப் பார்த்தேன், நான் பேச்சை நம்புகிறவன் இல்லை. சனிக்கிழமை காலையிலிருந்து மிச்சக் காசை நானே இடது கையால் கொடுத்தேன். என் கை பழக்கமில்லாமல் இரண்டு தடவை நாணயம் கீழே விழுந்தது. ஒரு கிழவர் வாங்கமாட்டேன் என்று நின்றார், அவருக்கு வலது கையால் கொடுத்தேன். ஒரு அம்மா, "என்ன முதலாளி, கையில சுளுக்கோ?" என்று கேட்டா. மற்றவர்கள் காசைத்தான் பார்த்தார்கள், கையைப் பார்க்கவில்லை. முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்னேரம் நான் உன் கையைப் பார்ப்பேன் என்கிறாய். ஓம், பார்ப்பேன். அதை நிறுத்த என்னால் முடியாது. ஸ்டேஷனில் பாதிதான் பார்த்தேன், கம்பி மறைத்தது.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். அந்த ஆள் உன் எழுத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறான் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. ஆகவே அந்த ஆளிடமே போனேன். வகுப்பில் ஒரு இடம் வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான், "மிஸ்டர் அழகர், படிக்க வாறதா, பாத்துக்கொண்டிருக்க வாறதா?"

"ரெண்டுக்குந்தான், மாஸ்டர்" என்றேன்.

"இங்கிலிஷ் எவ்வளவு தெரியும்?"

"சேலைப் பெட்டியில அடிச்சிருக்கிற எழுத்தெல்லாம் வாசிப்பேன்."

"மேட் இன் இண்டியா?"

"மேட் இன் ஜப்பானும் தெரியும்."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னான். புதிதாக வருகிறவர்கள் எழுந்து நின்று, பெயரும் ஏன் வந்தேன் என்பதும் இங்கிலிஷில் சொல்லவேண்டுமாம். பெயரைச் சொல்லிவிடுவேன். மற்றதை நீ எழுதித் தந்தால் பாடமாக்கிக்கொள்கிறேன், தராவிட்டால் தமிழிலேயே சொல்லிவிடுவேன், பிறகு நீதான் வெட்கப்படுவாய்.

நீ கேட்ட பதிவுக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயரை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைக்க எனக்கு உரிமை இல்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். நீ கிழிக்காவிட்டாலும் சனிக்கிழமை வருவேன்.

அழகர்


ஹெவ்லொக் டவுன்
29.05.1997

இஞ்சாருங்கோ,

இது சனிக்கிழமைக்கு முன் கிடைக்குமோ தெரியாது. எதற்கும் பேர்ணடெற்றிடம் கொடுத்துவிடுகிறேன், அவள் கடையில் வந்து உங்கள் கையில் தந்துவிட்டு ஏதாவது ஒரு சொல் சொல்லாமல் போகமாட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வந்தீர்கள் என்பதை நான் எழுதித் தரமாட்டேன். தமிழிலேயே சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். நான் வெட்கப்படுகிறேனா இல்லையா என்று அன்றைக்குப் பார்ப்போம்.

தாமதமாக வந்தால் பின் வாங்கில் போய் இருந்துவிடாதீர்கள், அங்கே பலகை தெரியாது. முன் வாங்கில் எனக்கு இடப்பக்கத்தில் எப்போதும் ஓர் இடம் காலியாகத்தான் கிடக்கும். முதலில் இரண்டு பிள்ளைகள் இருந்து பார்த்தார்கள், நான் எழுதுகிறபோது என் முழங்கை அவர்களுடைய எழுதுகிற கையில் இடிக்கிறது, கொப்பியில் கோடு இழுபடுகிறது என்று எழும்பிப் போய்விட்டார்கள்.

உங்களுக்கும் இடிக்கும். வந்து இருங்கோ.

ஈஸ்வரி